கண்ணாடியக்காவின் வலது பக்கம்

என் கால் முறிந்த கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் கால் முறிந்ததால் கண்ணாடியக்கா கோர்ட்டில் பேசிய கதை அப்படி அல்ல. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் உட்கார்ந்து சொல்ல வராது. எழுந்து நின்று, இரண்டு கையையும் வீசித்தான் சொல்வேன். "பார்த்துங்க, ஒரு கால்தான் பாக்கி இருக்கு" என்பாள் என் மனைவி.

நான் தபால்காரன். இருபத்திரண்டு வருடமாக அதே பதினோரு தெருக்கள்தான். அதில் ஏழாவது தெருவில், மரச்சாமான் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது அந்தக் கண்ணாடிக் கடை. முன்பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசுவார். உள்ளே நீள மேசையில் தங்கை கண்ணாடி வெட்டுவாள். வயதில் என்னைவிட மூன்று வருடம் இளையவள்தான், ஆனாலும் தெருவுக்கே அவள் கண்ணாடியக்கா. எனக்கும் அக்காதான்.

இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் எட்டாவது வரை படித்தாள். மொழி என்ற ஒன்று அவளுக்குக் கிடைத்தது அங்கேதான், கைகளில். எழுத்துக் கூட்டி வாசிப்பாள், சிறு வாக்கியம் எழுதுவாள். ஆனால் கையால் பேசுவதைப் பார்க்க வேண்டும்! அவளுடைய பள்ளித் தோழிகள் வந்துவிட்டால் கடைக்குள் நாலு பேர் ஒரே நேரத்தில் சண்டையும் சிரிப்புமாக ஓடும், ஒரு சத்தம் இருக்காது. வாசலில் நிற்கிற எனக்குத்தான் ஊமை மாதிரி இருக்கும்.

வேலையில் அவள் கை சுத்தம். கட்டரை வைத்து ஒரே இழுப்பு. மற்றவர்கள் கீறும் சத்தத்தைக் கேட்டு ஆழம் பார்ப்பார்களாம், இவள் விரல்நுனி அதிர்வில் பார்ப்பாள். இன்னொரு வேலையும் உண்டு. கடைகளின் பெயரைக் கண்ணாடியின் பின்புறத்தில் திருப்பி, அதாவது இட வலம் மாற்றி எழுதுவாள். முன்னால் வந்து பார்த்தால் நேராகத் தெரியும். இருபது வருடமாக அப்படி எழுதியே அவளுக்குத் திருப்பிய எழுத்தும் நேரெழுத்தும் ஒன்றாகிவிட்டன.

மேசைக்கு முன்னால் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று சாத்தியிருப்பாள். முதுகு தெருவைப் பார்க்க, முகம் கண்ணாடியைப் பார்க்க வேலை செய்வாள். யார் வருகிறார்கள் என்று காது சொல்லாதல்லவா, கண்ணாடி சொல்லும்.

அன்று காலை பதினொன்றரை மணி. நான் மரச்சாமான் கடை வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, கேட்டில் இருந்த பெட்டியில் கடிதங்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கடையின் வேன் மூக்கைத் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. நான் அதன் பின்னால். திடீரென்று வேன் பின்னோக்கி வந்தது. சைக்கிள் நெளிந்ததும், கேட் என் முதுகில் மோதியதும், கால் எங்கோ போனதும் தெரியும். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியின் மேற்கூரைதான் தெரியும்.

போலீசில் டிரைவர் தன்மேல் பழியை ஏற்றுக்கொண்டான். பன்னிரண்டு வருடம் அந்தக் கடைக்கு உழைத்தவன். மூன்று மாதம் கழித்து நிறம் மாறினான். "நான் ஓட்டல. முதலாளி மகன்தான் ஓட்டிப் பழகிட்டு இருந்தாரு. நீ ஒத்துக்க, நாங்க பார்த்துக்கறோம்னாங்க. இப்ப வேலையும் போச்சு, வக்கீலும் இல்ல" என்று கோர்ட்டில் அழுதான். யார் நம்புவார்கள்? தெருவில் பார்த்தவர்கள் எல்லோரும், சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தபோது டிரைவர்தான் வேனின் வலதுபக்கக் கதவருகே நின்றான் என்றார்கள். ஸ்டியரிங் வலது பக்கம். தீர்ந்தது கதை. முதலாளி மகன் நடைபாதையில் நின்று தலையில் கைவைத்துக்கொண்டிருந்தாராம்.

கட்டையை ஊன்றிக்கொண்டு நான் மறுபடி தெருவில் இறங்கியது அந்தச் சமயத்தில்தான். கண்ணாடிக் கடை வாசலில் கால் வைத்ததும் அக்கா கட்டரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். என் காலைத் தொட்டாள். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடியில் அடையாளம் போடும் வெள்ளைப் பென்சிலை எடுத்து, மேசைமேல் கிடந்த ஒரு பெரிய கண்ணாடித் தகட்டில் வரைய ஆரம்பித்தாள். வேன். உள்ளே இரண்டு தலை. ஒன்றுக்குக் கிருதா போட்டாள். அந்தத் தெருவில் அப்படிக் கிருதா வைத்திருப்பது முதலாளி மகன் மட்டும்தான். அந்தத் தலைக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டாள். ஸ்டியரிங்!

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இவங்க பார்த்திருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"ஏதோ அன்னிக்கே காட்டினா தபால்காரரே. போலீஸ்காரர் விசாரிக்க வந்தப்ப அவர் சட்டையப் புடிச்சு இழுத்தா. அவர் சிரிச்சுக்கிட்டே, 'இவங்கள விடுங்க, பாவம்'னு போயிட்டாரு. நானும் விட்டுட்டேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் காலை முறித்தவன் ஒருவன், கம்பி எண்ணப் போகிறவன் இன்னொருவனா? பார்த்தவள் இருபதடி தூரத்தில் நிற்கிறாள், அவளை "பாவம்" என்று தள்ளிவிட்டார்கள்! அன்றைக்கே கட்டையை ஊன்றி நடந்து டிரைவரின் புது வக்கீலிடம் போனேன். இலவச சட்ட உதவியில் அமர்த்தப்பட்ட பெண், பேச்சில் மிளகாய். கேட்டதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"அடிபட்ட ஆளே வந்து எதிர்க்கட்சிக்குச் சாட்சி புடிச்சுக் குடுக்கிறதை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். வாங்க போகலாம்!"

முதல் தடவை அக்கா சாட்சிக் கூண்டில் ஏறிய நாள் மறக்காது. மறக்க நினைத்தாலும் முடியாது. நான் என் சாட்சியைச் சொல்லி முடித்துவிட்டதால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு எப்படிக் கேள்வி கேட்பது என்று நீதிபதி யோசித்தார். "கூடப் பிறந்தவர் இருக்காரே, அவரே சொல்லட்டும்" என்று அண்ணனை அவளுக்கு எதிரே நிறுத்தினார்கள். வக்கீலம்மாவுக்கும் அப்போது வேறு வழி தெரியவில்லை.

அண்ணனுக்குத் தெரிந்தது கடைச் சைகை. தடித்த கண்ணாடி, மெல்லிய கண்ணாடி, சாப்பிட்டாயா, வாடிக்கையாளர் வந்தார், சீக்கிரம். நாற்பது இருந்தால் அதிகம். கடைக்கு அது போதும். அக்கா நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் கைகளால் ஒரு முழுக் கதை சொன்னாள். வேன் நின்றது, கதவு திறந்தது, உள்ளே இடம் மாறியது, நான் பின்னால் போனது, எல்லாம். நீதிபதி அண்ணனைப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க?"

"பார்த்தேங்கறாங்க ஐயா."

"அவ்வளவுதானா?"

"ஆமாங்க."

கோர்ட்டே சிரித்தது. அக்கா சிரிப்பைப் பார்த்தாள், காரணம் புரியவில்லை. தன்னைத்தான் சிரிக்கிறார்கள் என்று அவள் முகம் கருத்துப்போனது.

முதலாளி மகன் எந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கினார் என்று கேள்வி வந்தது. அண்ணன் கையைக் காலை ஆட்டி எப்படியோ கேட்டார். அக்கா தன் வலதுகையைத் தட்டிக் காட்டினாள். அவளுக்கு எதிரே நின்ற அண்ணனுக்கு அது தன் இடதுகைப் பக்கமாகத் தெரிந்தது. "இடது பக்கம்ங்க" என்றார். டைப் அடிக்கிறவர் அடித்துவிட்டார். அரசு வக்கீல் புன்னகையோடு உட்கார்ந்தார். டிரைவர் வலது பக்கம், முதலாளி மகன் இடது பக்கம். அவர் வழக்கை அக்காவே நிரூபித்துக் கொடுத்துவிட்டாள்!

அடித்த தாளைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். அக்கா உடனே போடவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். கோர்ட் பொறுமையிழந்தது. "சட்டுனு போடச் சொல்லுங்க, அடுத்த கேஸ் காத்திருக்கு" என்றார் கிளார்க். விரல் ஒரு இடத்தில் நின்றது. மறுபடி அதே வரி. பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடும் இடத்தில் எழுதினாள்:

இது என் பேச்சு இல்லை.

தாள் நீதிபதியிடம் போனது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். "அப்ப இது யார் பேச்சு?" என்றார் பொதுவாக. அந்தக் கேள்வியை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, ஆனால் அவர் முகமே கேட்டது. அக்கா விரலை நீட்டி அண்ணனைக் காட்டினாள்.

அண்ணன் தலை நெஞ்சுக்குள் புதைந்தது. நீதிபதி வாய்தா போட்டார்.

வெளியே வராந்தாவில் அண்ணன் என்னிடம் வெடித்தார். "பேர் கெட்டுப் போச்சு! இருபது வருஷமா சோறு போட்ட அண்ணனை நாலு பேர் முன்னாடி..." அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். கையை நீட்டி அவர் தோளைப் பிடித்து, மெதுவாகச் சுற்றி, தன் பக்கத்திலேயே, தான் பார்க்கும் திசையைப் பார்க்கும்படி நிறுத்தினாள். அப்புறம் தன் வலதுகையைத் தூக்கினாள். அவர் வலதுகையையும் பிடித்துத் தூக்கினாள். இரண்டும் ஒரே பக்கம்.

அண்ணன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அடக் கடவுளே, நான்தான் மாத்திச் சொல்லிட்டேனா!"

வக்கீலம்மா அன்றிரவுக்குள் மனு எழுதிவிட்டாள். அடுத்த வாய்தாவில் அதைப் படித்தாள்.

"ஐயா, இது புதுசா கேக்கிற சலுகை இல்ல. கேக்க முடியாத, பேச முடியாத சாட்சி வந்தா, அவங்க மொழி தெரிஞ்ச ஒருத்தரைக் கோர்ட்டே கொண்டாந்து நிறுத்தணும், அவர் உண்மையா மொழிபெயர்க்கிறேன்னு சத்தியம் பண்ணணும்னு சட்டத்துலயே இருக்கு. இத்தனை நாளா யாரும் கேக்கல, அதனால யாரும் தரல."

அரசு வக்கீல் எழுந்தார். "குடும்பத்துக்காரரை விட யாருக்கு நல்லாத் தெரியும்? இது வழக்கை இழுக்கிற வேலை."

அப்போது பின்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்து நின்றது அண்ணன்.

"ஐயா, மன்னிக்கணும், நான் ஒண்ணு சொல்லலாமா? எனக்குத் தெரியாதுங்க. அவ சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல இருந்து லீவுக்கு வந்து கைய ஆட்டுவா. நானும் தலைய ஆட்டுவேன். புரிஞ்ச மாதிரி. முப்பது வருஷமா தலையத்தான் ஆட்டிட்டு இருக்கேன். அன்னிக்கு அவ சொன்னதுல பத்துல ஒண்ணுகூட எனக்குப் புரியல. அவ மேல பாசம் இருக்குங்க. மொழி தெரியாது."

நீதிபதி எழுத ஆரம்பித்தார். மனு ஏற்கப்பட்டது, முந்தைய வாக்குமூலம் பதிவிலிருந்து ஒதுக்கப்பட்டது, சைகை மொழி தெரிந்த மொழிபெயர்ப்பாளரைக் கோர்ட் ஏற்பாடு செய்ய வேண்டும்! நான் கட்டையைத் தரையில் தட்டிவிட்டேன். டவாலி முறைத்தார்.

ஆனால் உத்தரவு போடுவது ஒன்று, ஆள் வருவது ஒன்று. அடுத்த வாய்தாவுக்கு ஒருவர் கோட்டு போட்டுக்கொண்டு கம்பீரமாக வந்தார். "நாலு மொழி பேசுவேன்" என்றார். அக்கா கைகளைத் தூக்கியதும் பயந்து ஓரடி பின்னால் போனார். ஆபீசில் 'மொழிபெயர்ப்பாளர்' என்ற சொல்லைப் படித்ததும் கையில் கிடைத்தவரை அனுப்பிவிட்டார்களாம். "சைகைன்னு ஒரு தலைப்பே எங்க ஃபைல்ல இல்லைங்க" என்றார் கிளார்க். "இன்னிக்கே ஒண்ணு போடுங்க" என்றார் நீதிபதி. அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது, அது நல்லதாகப் போயிற்று.

காது கேளாதோர் சங்கம் பெயர் கொடுத்தது. அப்படித்தான் அந்தப் பெண் வந்தாள். கை அசைவு பளிச்சென்று தெரிவதற்காகக் கறுப்புச் சட்டை, கையில் வளையல் கிடையாது, மோதிரம் கிடையாது. அம்மா அப்பா இருவருக்குமே காது கேட்காது, இவளுக்குப் பேச்சு வருவதற்கு முன்னால் சைகை வந்துவிட்டதாம். முறைப்படி படித்துச் சான்றிதழும் வாங்கியவள். கண்ணாடியக்காவைப் பார்த்ததும் வராந்தாவிலேயே ஐந்து நிமிடம் கைப்பேச்சு. அக்கா முதலில் மெதுவாக, சோதித்துப் பார்ப்பது போல ஆரம்பித்தாள். பிறகு வேகம் பிடித்தது. கடைசியில் அவள் என் பக்கம் திரும்பிய முகத்தைப் பார்த்தேனே, ஆகா! வீட்டுப்பாடம் முழுக்கச் சரியென்று வாங்கி வந்த குழந்தை கெட்டது போங்கள்.

உள்ளே போனதும் முதல் சிக்கல் வெளிச்சம். மொழிபெயர்ப்பாளருக்குப் பின்னால் ஜன்னல், அக்காவுக்குக் கை கருநிழலாகத் தெரிந்தது. "ஐயா, நான் இடம் மாறணும். அவங்க என்னையும் உங்களையும் சேர்த்துப் பார்க்கணும்" என்றாள் அந்தப் பெண். நீதிபதியின் மேடைக்குப் பக்கவாட்டில் நிறுத்தினார்கள். சத்தியம் வாங்கினார்கள். அக்காவும் சத்தியம் செய்தாள், தன் கைகளால், ஒவ்வொரு சொல்லாக. கோர்ட்டில் அவள் தன் மொழியில் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"உங்க தொழில் என்ன?" என்று கேட்டார் நீதிபதி.

மொழிபெயர்ப்பாளர் அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான் கண்ணாடி வெட்டறவ. இருபது வருஷமா."

"நான் உங்களைக் கேக்கலம்மா, சாட்சியைக் கேட்டேன்."

"சாட்சிதாங்க ஐயா சொன்னாங்க. அவங்க 'நான்'னு சொன்னா நானும் 'நான்'னுதான் சொல்லணும். எனக்குன்னு இங்க பேச்சு கிடையாது."

நீதிபதி தலையாட்டினார். அதற்கப்புறம் அவர் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசவே இல்லை. அக்காவைப் பார்த்தே கேட்டார்.

கதை முழுவதும் வந்தது. நான் நாலைந்து மாதமாகத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்ததெல்லாம் ஒன்று சேர்ந்து, கோர்வையாக, கோபத்தோடும் கிண்டலோடும் வந்தது. கிண்டல்! அவள் இவ்வளவு கிண்டல்காரி என்று எனக்கே தெரியாது.

"தபால்காரர் வேனுக்குப் பின்னாடி போனார். அடுத்து என் கடைதான். எனக்கு ஒரு கடிதம் வரவேண்டி இருந்தது, அதனால கண்ணாடியில அவரையே பார்த்துட்டிருந்தேன். அவர் வெளியே வரல, வேன் உள்ளே போச்சு. வேன் முகம் என் கடையைப் பார்த்துதான் இருந்தது. ஸ்டியரிங்ல கிருதாக்காரர். பக்கத்துல டிரைவர், கையை நீட்டி, நிறுத்து நிறுத்துன்னு. அப்புறம் வேன் குலுங்கிச்சு. கிருதாக்காரர் வலது கதவு வழியா இறங்கி நடைபாதைக்கு ஓடினார். டிரைவர் இடது கதவு வழியா இறங்கி, சுத்தி வந்து வலது கதவுகிட்ட நின்னார். எல்லாரும் கீழ கிடந்தவரைப் பார்த்தாங்க. நான் வேனைப் பார்த்தேன்."

அரசு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். தன் ஜூனியர் பக்கம் குனிந்து, "இது தேறாத கேசு, பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்று முணுமுணுத்தார். மொழிபெயர்ப்பாளரின் கைகள் அசைந்தன. அக்கா புருவத்தை உயர்த்தினாள், பதில் சொன்னாள்.

"பத்து நிமிஷம் போதுமான்னு வக்கீல் ஐயா யோசிக்கட்டும். எனக்கு அவசரம் இல்ல."

அரசு வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் தனியாப் பேசினதை ஏம்மா சொன்னீங்க?"

"இந்த அறையில மத்தவங்க காதுக்கு விழறதெல்லாம் அவங்களுக்கும் போய்ச் சேரணும் ஐயா. ஜூனியருக்குக் கேட்டுச்சு, எனக்குக் கேட்டுச்சு. அவங்களுக்கு மட்டும் ஏன் கூடாது?"

நீதிபதி சிரிப்பை மறைக்கக் குனிந்து ஏதோ எழுதினார். அதற்குப் பிறகு அந்தக் கோர்ட்டில் யாரும் முணுமுணுக்கவில்லை. யாரோ ஒருவரின் போன் அடித்தபோது அதையும் மொழிபெயர்ப்பாளர் சொன்னாள். அக்கா அந்த ஆளைத் திரும்பிப் பார்த்து விரலை ஆட்டினாள்!

"உங்களுக்கு ஹார்ன் சத்தம் கேக்காது, பிரேக் சத்தம் கேக்காது, மோதின சத்தமும் கேக்காது. அப்படித்தானே?"

"கேக்காது. கேட்டவங்க எல்லாரும் சத்தம் வந்த பிறகுதான் திரும்பினாங்க. நான் சத்தத்துக்கு முன்னாடியே பார்த்துட்டிருந்தேன்."

பெஞ்சில் யாரோ "அப்படிப் போடு" என்றார்கள். அதுவும் மொழிபெயர்க்கப்பட்டது.

அரசு வக்கீல் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "நீங்க பார்த்தது கண்ணாடியில. கண்ணாடி வலதை இடதா காட்டும், இடதை வலதா காட்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்ப நீங்க வலதுன்னு சொல்றது உண்மையில இடதுதானே?"

வக்கீலம்மாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். ஆமாம், கண்ணாடி மாற்றித்தானே காட்டும்? ஆனால் அக்கா சிரித்தாள். எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் அவள் சிரிக்கிற சிரிப்பு.

"ஒரு கண்ணாடி கிடைக்குமா?"

டவாலி நீதிபதியின் அறைக்குள் ஓடி, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தார். அக்கா அதை வாங்கியதும், தொழில் புத்தி, ஓரத்தைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். டவாலியிடமே திருப்பிக் கொடுத்து, அரசு வக்கீல் முகத்துக்கு நேரே பிடிக்க வைத்தாள்.

"ஐயா வலது கையைத் தூக்குங்க. கண்ணாடியில எந்தப் பக்கத்துக் கை தூக்கியிருக்கு?"

அவர் வலதுகையைத் தூக்கினார். கண்ணாடியிலும் அதே வலப்பக்கத்தில் ஒரு கை தூக்கியது. அவர் கையை இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"கண்ணாடி பக்கத்தை மாத்தாது. நாமதான் அதுக்குள்ள ஒரு ஆள் நம்மைப் பார்த்து நிக்கிறதா நினைச்சு, மனசுல திரும்பி நிக்கிறோம். அப்பதான் பக்கம் மாறுது. நான் தெருவுக்கு முதுகு காட்டி நின்னேன். வேனும் நான் பார்த்த திசையைத்தான் பார்த்து நின்னது. வேனுக்கு எது வலதோ எனக்கும் அதுதான் வலது. கண்ணாடியிலும் வலப்பக்கம்தான் தெரியும். ஐயா சந்தேகம் இருந்தா கடைக்கு வாங்க, டீ வாங்கித் தரேன்."

நீதிபதி பேப்பரில் ஒரு கோடு இழுத்து, வேன் வரைந்து, ஆள் வரைந்து, பேப்பரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "சரிதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் கட்டையை மறந்து எழுந்து நின்றுவிட்டேன்.

அரசு வக்கீல் விடவில்லை. "அது அந்தக் கடை வேன்தான்னு எப்படித் தெரியும்? தெருவுல ஆயிரம் வேன் வரும்."

"நெத்தியில பேர் எழுதியிருந்தது."

"கண்ணாடியில எழுத்து திரும்பித்தானே தெரியும்? எழுத்துக் கூட்டி வாசிக்கிற நீங்க அதை எப்படி வாசிச்சீங்க?"

"எழுதிக் காட்டுங்க."

அவர் ஒரு தாளில் ஏதோ எழுதினார். யாருக்கும் காட்டாமல் மடக்கிக்கொண்டு அவள் பின்னால் போய், டவாலி அவள் பக்கம் திருப்பிப் பிடித்த கண்ணாடிக்கு நேராகத் தாளை விரித்தார். கண் மூடித் திறப்பதற்குள் அக்காவின் கை அசைந்தது.

"பொய் சாட்சி," என்றாள் மொழிபெயர்ப்பாளர். "எழுத்து அழகா இருக்கு ஐயா. சொல்லுதான் சரியில்ல."

கோர்ட் குலுங்கியது. டைப் அடிக்கிறவர் சிரித்ததில் ஒரு வரி தப்பிப் போய், மறுபடி சொல்லச் சொன்னார். அரசு வக்கீல் உட்கார்ந்தார். அவரைக் குறை சொல்லக்கூடாது, உட்காரும்போது அக்காவைப் பார்த்து லேசாகத் தலைகுனிந்தார்.

இந்தத் தடவை தாள் வந்தபோது மொழிபெயர்ப்பாளர் வரிக்கு வரி அவளுக்குச் சைகையில் சொன்னாள். அக்கா ஒரு இடத்தில் திருத்தம் கேட்டாள். 'கிருதா' என்பதைத் 'தாடி' என்று அடித்துவிட்டார்கள். திருத்தினார்கள். அப்புறம் பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டாள், இழுத்துப் போட்ட கோடு தாளைக் கிழிக்கும் போல இருந்தது.

தீர்ப்பு நாள் ஏழு வாரம் கழித்து வந்தது. டிரைவர் விடுதலை. முதலாளி மகன்மேல் புது வழக்குப் பதிய உத்தரவு. மொழிபெயர்ப்பாளர் அன்றும் வந்திருந்தாள். இதுவரை அக்கா எந்தச் செய்தியையும் கடைசி ஆளாகத்தான் தெரிந்துகொள்வாள், மற்றவர்கள் முகம் மாறிய பிறகு, யாராவது ஞாபகம் வந்து சொன்ன பிறகு. அன்றைக்கு 'விடுதலை' என்ற சொல் நீதிபதி வாயிலிருந்து வந்ததும் டிரைவரின் மனைவி அலறினாள், அதே நேரத்தில் அக்கா என் தோளில் ஓங்கி ஒரு அடி விட்டாள். ஒரே நேரத்தில்! அந்த அடி இரண்டு நாள் வலித்தது.

டிரைவர் வராந்தாவில் அக்காவின் முன்னால் வந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கூப்பினான். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம், "நன்றின்னு எப்படிக் காட்டணும்?" என்று கேட்டுக் கற்றுக்கொண்டு செய்தான். தப்பாகத்தான் செய்தான். அக்கா திருத்தினாள்.

அண்ணன் சனிக்கிழமைகளில் சங்கத்தின் சைகை வகுப்புக்குப் போகிறார். மகா மட்டம். போன வாரம் ஒரு வாடிக்கையாளரிடம் 'நாளை வாருங்கள்' என்பதைக் கைப்பழக்கத்தில் சைகையில் சொல்ல, அக்கா அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சொன்னது 'நாளை குளியுங்கள்' என்று ஆகிவிட்டதாம். கோர்ட் அறிவிப்புப் பலகையில் இப்போது மூன்று மொழிபெயர்ப்பாளர்களின் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கிறது. கிளார்க்கின் ஃபைலுக்கும் தலைப்பு வந்துவிட்டது.

போன மாதம் சங்கத்தில் கூட்டம் போட்டு அக்காவை மேடையேற்றினார்கள். இருநூறு பேருக்கு மேல். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது எப்படி, தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன பார்ப்பது, சொந்தக்காரர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று முக்கால் மணி நேரம் பேசினாள். வரிசை வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். ஒரு தச்சர், மூன்று வருடமாக நடக்கும் தன் வழக்கில் என்ன நடக்கிறது என்றே தனக்குத் தெரியாது என்று சொன்னார். அக்கா அங்கேயே வக்கீலம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து மனு எழுத வைத்துவிட்டாள்.

என்னையும் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு மேடை பழக்கமில்லை. மைக் வேறு இல்லை. எதற்கு மைக்! "என் காலை உடைச்சவரைக் கண்டுபிடிக்க எட்டு மாசம் ஆச்சு, ஆனா அண்ணனுக்கு வலது கை எதுன்னு கண்டுபிடிக்க முப்பது வருஷம் ஆச்சு" என்றேன். சொல்லிவிட்டுப் பார்த்தால் கூடத்தில் ஒரு அசைவு இல்லை. ஐயோ, கவிழ்ந்துவிட்டோமே என்று நினைத்தேன். என் பக்கத்தில் அந்தக் கறுப்புச் சட்டைப் பெண் கடைசிச் சைகையைச் செய்து முடித்தாள். ஒரு நொடி. அவ்வளவுதான், அவர்கள் கைதட்டும் முறையில் இருநூறு ஜோடிக் கைகள் தலைக்கு மேலே எழுந்து படபடவென்று ஆட ஆரம்பித்தன, முதல் வரிசையில் அண்ணனின் கைகள்தான் எல்லோரையும் விட உயரத்தில்.